தெரியாதா என்ன!

அவருடைய உண்மையான பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. சோப்புத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் அவர் ‘தெரியுமண்ணன்’. முகத்துக்கு நேரே வெறும் அண்ணன், முதுகுக்குப் பின்னால் முழுப் பட்டமும். ஐம்பத்தொரு வயதாகிறது, ‘தெரியாது’ என்று அவர் சொல்லிக் கேட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. அதனால் வந்த பெயர்.

ஒருமுறை, கண் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்ட ஒருவரை மாட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அந்த மனிதர் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து சண்டைக்கு நின்றார். அண்ணன் அசரவில்லை.

“ஏன், மாட்டுக்குக் கண்ணு இல்லையா? அங்கேயும் கண்ணு பார்ப்பாங்க. நீங்க உள்ள போய் சரியா விசாரிச்சிருக்க மாட்டீங்க” என்றார்.

பொய்யர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. மூளை எழுந்து செருப்பு மாட்டுவதற்குள் நாக்கு தெருமுனைக்குப் போய்விடும், அவ்வளவுதான். மேலும் அவருக்கு ஒரு விஷயம் நிஜமாகவே தெரியும். சோப்புக்குக் காகித உறை போடும் அந்தப் பழைய மெஷினை இருபத்தாறு வருடமாக ஓட்டியவர். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே, “இன்னும் அஞ்சு நிமிஷத்துல பேப்பர் கிழியும் பாரு” என்பார். கிழியும். ஒன்று தெரிந்த தைரியத்தில் உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் தெரியும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லாமல் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் புது மெஷின் வந்தது. இடுப்புயரப் பெட்டிகள் ஏழு, அவற்றை இணைத்துச் சோப்பை நகர்த்தும் ஓடுபட்டை, நடுவில் ஜன்னல் அளவுக்கு ஒரு ஸ்கிரீன். திருப்ப ஒரு கைப்பிடி இல்லை, எண்ணெய் விட ஒரு துளை இல்லை. பழைய மெஷின்களை ஓட்ட நாற்பத்திரண்டு பேர் வேண்டும். இதற்குப் பதினாறு பேர் போதும் என்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். மீதிப் பேர் ‘சாத்தியமான இடங்களில் மறுபணியமர்த்தப்படுவார்கள்’ என்று அதில் இருந்தது. அந்த வார்த்தையைப் படிக்கும்போதே பலருக்கு மூச்சு வாங்கியது.

தாளோடு ஒரு படிவமும் கொடுத்தார்கள். இருபத்துநான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: நன்றாகத் தெரியும், ஓரளவு தெரியும், தெரியாது. தெரியாதவர்களுக்கு ஆறு வாரம் முழுச் சம்பளத்துடன் பயிற்சி என்று தாளின் அடியில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. அடிவரை படிக்க யாருக்குப் பொறுமை? அதற்குள் கேன்டீனில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. தெரியாது கட்டத்தில் டிக் அடித்தவர்களை அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் பக்கத்து மேஜையைக் காட்டினார்கள்.

அண்ணன் பேனாவைத் திறந்தார். இருபத்துநான்கு கேள்விக்கும் முதல் கட்டத்தில் டிக், டிக், டிக் என்று இறங்கிக்கொண்டே போனார். கேள்விகளைப் படித்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேகக்கா எட்டிப் பார்த்தாள். சோப்புகளைத் தட்டில் அடுக்குபவள் அவள். விரல்கள் அத்தனை வேகம், அதனால் அந்தப் பெயர்.

“அண்ணே, எல்லாமே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாதா என்ன!”

“அப்ப எனக்கும் அதையே போட்டுடறேன். நீங்க பக்கத்துல இருக்கீங்கல்ல, பார்த்துக்கலாம்” என்று அவளும் அதையே அடித்தாள். அவளைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகக் காப்பியடிக்கத் தெரியாமல் தோற்றவர்கள்கூட அன்று நூற்றுக்கு நூறு வாங்கினார்கள்.

மேனேஜர் படிவங்களைக் கூட்டிப் பார்த்தார். திறன் குறைபாடு: பூஜ்யம். அவர் பூரித்துப்போனார். தலைமை அலுவலகத்துக்கு அன்றே கடிதம் எழுதினார். அங்கிருந்து பாராட்டும் உடனே வந்தது, கூடவே ஒரு கத்தரியும் வந்தது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருப்பதால் பயிற்சி தேவையில்லை. பயிற்சி கொடுக்க அமர்த்திய பெண்ணை வெள்ளிக்கிழமையோடு விடுவிக்கலாம். அதே வெள்ளிக்கிழமை மூன்று பேர் நேரில் வருகிறார்கள், மெஷினை ஓட்டிக் காட்டவும்.

மேனேஜர் அண்ணனைத் தோளில் தட்டினார். “முழு மார்க், இருபத்தாறு வருஷ அனுபவம். நீங்கதான் அண்ணே ஓட்டிக் காட்டணும். சரியா ஓடிட்டா பதினாறு பேர்ல முதல் பேர் உங்க பேருதான். ஓடலைன்னா வெளியிலேர்ந்து ஆளுங்களை இறக்கிடுவோம்னு சொல்லிட்டாங்க. மொத்தப் பிரிவும் போயிடும். முடியும்ல?”

“என்ன சார், இது ஒரு கேள்வியா?” என்றார் அண்ணன். மேனேஜர் நகர்ந்ததும் புது மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எங்காவது ஒரு கைப்பிடி இருக்கிறதா என்று தேடினார். இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

புதன்கிழமை காலை அந்தப் பயிற்சிப் பெண் அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். இருபத்தாறு வயசு இருக்கும். படித்து முடித்து இரண்டு வருடம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்து, இந்த மெஷினைச் செய்கிற இடத்துக்கே போய் மூன்று மாதம் கற்றுக்கொண்டு, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தவள். எல்லோரும் டீச்சரம்மா என்றார்கள். கையில் அண்ணனுடைய படிவம்.

“அண்ணே, ஒரு சந்தேகம். பதினேழாவது கேள்வி. பிங்கோ முறையில் உறையின் இழுவையைச் சரிசெய்தல். நன்றாகத் தெரியும்னு போட்டிருக்கீங்க. எப்படிப் பண்ணுவீங்க?”

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதாவது டீச்சரம்மா, பிங்கோவைப் பொறுத்தவரைக்கும் அவசரப்படக் கூடாது. மெதுவாத்தான் விடணும். வெயில் நாள்ல ஒரு மாதிரி இருக்கும், மழை நாள்ல ஒரு மாதிரி இருக்கும். சில பேரு அழுத்திப் பிடிப்பாங்க. அது தப்பு. அப்படியே விட்டுட்டா தானா வழிக்கு வந்துடும்.”

அவள் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பூனை சோபாவில் மல்லாந்து கிடந்தது.

“இதுதான் பிங்கோ. எங்க வீட்டுப் பூனை. யாராவது பொய் சொல்றாங்களான்னு பார்க்க படிவம் தயாரிச்சப்ப நானே ஒரு கேள்வியைச் சேர்த்தேன். நாற்பத்திரண்டு பேரும் நன்றாகத் தெரியும்னு போட்டிருக்கீங்க.” பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனா நீங்க சொன்னதெல்லாம் பூனைக்குச் சரியாத்தான் இருக்கு” என்றாள்.

அண்ணன் பூனையைப் பார்த்தார். “மேனேஜர்கிட்ட சொல்லிட்டியா?”

“சொன்னேன். கிண்டல் பண்ணாதம்மா, அந்த முறையைப் பத்தித் தலைமை அலுவலகத்துக்கே எழுதியாச்சுங்கறார்.” அவள் எதிரே இருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். “அண்ணே, நீங்க ஒருத்தர் தெரியாதுன்னு சொன்னாப் போதும். பின்னாடியே எல்லாரும் சொல்வாங்க. உங்களுக்கு ஆறு வாரம் பயிற்சி கிடைக்கும், எனக்கு வேலை நிக்கும். உங்களுக்கெல்லாம் தெரியாததுலதான் என் பொழைப்பே இருக்கு. ரெண்டு வருஷம் சும்மா இருந்தாச்சு, திரும்பவும் வீட்டுல போய் உட்கார முடியாது.”

 அண்ணனுக்கு இரக்கம் வந்தது. அவள்மேல் மட்டுமல்ல, தன்மேலும்தான். 

“அது வாயில வராதும்மா” என்றார்.

“சரி, அப்ப சாப்பாட்டு நேரத்துல மெஷின்கிட்ட வாங்க. இன்னிக்கும் நாளைக்கும் சொல்லித் தரேன்.”

“சொல்லித் தர வேண்டாம். வேணும்னா உனக்கு எவ்வளவு தெரியும்னு நான் சோதிச்சுப் பார்க்கறேன்.”

டீச்சரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, “சோதிங்க அண்ணே” என்றாள்.

அப்படித்தான் அந்த வகுப்பு நடந்தது. அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடியே, “இந்தப் பச்சைப் பட்டன் எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?” என்பார். அவள் கைகட்டி நின்று பதில் சொல்வாள். “ம், பரவாயில்லை. வேகத்தை எங்க கூட்டுவே? எங்க, கூட்டிக் காட்டு. மறுபடி காட்டு. நான் கவனிக்கலைன்னு நினைக்காதே.” புதன்கிழமை அவளுக்குப் பத்துக்கு எட்டு கொடுத்தார். வியாழக்கிழமை ஒன்பது. இரண்டு நாளில் மெஷினை ஓட்ட, நிறுத்த, வேகம் கூட்டக் குறைக்க அவருக்கு வந்துவிட்டது.

“நடுவுல நின்னு போய் ஸ்கிரீன்ல எழுத்து வந்தா என்ன பண்றதுன்னு கேட்கவே இல்லையே?” என்றாள் அவள்.

“நிக்காது. நிக்காததை எதுக்குக் கேட்கணும்?”

வியாழன் மாலை மனைவியிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள். கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே முழுதும் கேட்டாள்.

“எங்க கடையில தெரியாத மருந்தைத் தெரியும்னு எடுத்துக் கொடுத்தா நாலாம் நாள் போலீஸ் வந்து நிக்கும். ஒரு நாளைக்கு முப்பது தடவை தெரியாதுங்கறேன், டாக்டரைக் கேளுங்கங்கறேன். என் நாக்கு என்ன அழுகியா போச்சு? எங்க, இப்ப சொல்லுங்க. தெரியாது.”

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தெரியா...” என்று ஆரம்பித்தார். “தெரியாமலா இருக்கும்!”

“இன்னொரு தடவை.”

“தெரியாத...” என்று முக்கால்வாசி வந்துவிட்டார். வந்ததும் நாக்கு திமிறியது. “தெரியாதா என்ன!”

மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வயதில் வெளியே போய் நின்றால் யார் வேலை கொடுப்பார்கள் என்ற யோசனை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. 

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தலைமை அலுவலகத்தார் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். பெண்தான் பெரிய பதவி என்பது மற்ற இருவரும் அவர் நிற்கும் பக்கம் பார்த்துத் தலையாட்டுவதிலேயே தெரிந்தது. பிரிவு முழுவதும் சுற்றி நின்றது. வேகக்கா புது மெஷினின் ஓரத்தில் சோப்புகளோடு தயாராக இருந்தாள். டீச்சரம்மாவைக் காணோம், அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தாள்.

அண்ணன் பச்சைப் பட்டனை அமுக்கினார். மெஷின் ஓடியது. சோப்புகள் வரிசையாக உள்ளே போய், சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தன. மேனேஜர் முகத்தில் பெருமிதம். அண்ணன் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார், யாரும் கேட்காமலே. பத்து நிமிடம் ஆகியிருக்கும். தன்மேலேயே அவருக்கு ஒரு மரியாதை வந்தது.

பதினோராவது நிமிடம் மெஷின் நின்றது. ஸ்கிரீனில் சிவப்பாக இரண்டு வரி எழுத்து வந்தது. பச்சைப் பட்டன் விட்டு விட்டு மின்னியது.

“என்ன அண்ணே சொல்லுது?” என்றார் மேனேஜர், சிரிப்பை இறக்காமல்.

“ஒண்ணுமில்ல சார், சும்மா. கொஞ்சம் மூச்சு வாங்குது.”

“அமுக்குங்க, அமுக்குங்க. பச்சைதான் கூப்பிடுதே.”

அண்ணன் விரலைக் கொண்டுபோனார். அப்போதுதான் பார்த்தார். வேகக்கா ஓரத்துச் சின்னக் கதவைத் திறந்து, முழங்கைவரை உள்ளே விட்டு, கசங்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். பழைய மெஷினில் எப்போதும் அப்படித்தான் எடுப்பாள்.

“கையை எடு தங்கச்சி.”

“இதோ வந்துடுச்சுண்ணே. நீங்க ஓட்டுங்க, ஓட்டினாத்தான் பேப்பர் நகரும். எந்தப் பட்டன் எதை ஓட்டும்னு உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியாது” என்றார் அண்ணன்.

வேகக்கா சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எல்லோரும் மீதிக்குக் காத்திருந்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை.

“தெரியாது!” அண்ணன் கத்தினார். “தெரியாது தங்கச்சி, சத்தியமா தெரியாது! எனக்கு ஒரு மண்ணும் தெரியாது! கையை எடு!”

அவர் குரல் கிறீச்சிட்டது. அப்படி ஒரு குரலை அவரிடம் அவள் கேட்டதே இல்லை. சடாரென்று கையை இழுத்துக்கொண்டாள். விரல்களை ஒருமுறை விரித்து எண்ணுவதுபோலப் பார்த்தாள். சிரிப்பு எல்லா முகத்திலிருந்தும் போய்விட்டது. அந்தக் கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடாது என்று பிற்பாடு டீச்சரம்மா சொன்னாள். ஆனால் அந்த நிமிடத்தில் அங்கே நின்ற ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

“என்னது, தெரியாதா?” என்றார் மேனேஜர்.

“தெரியாது சார். பச்சை ஓட்டும், சிவப்பு நிறுத்தும். அதுக்கு மேல தெரியாது. அதையும் டீச்சரம்மாகிட்ட ரெண்டு நாள்ல கத்துக்கிட்டேன்.” ஒருமுறை திறந்துகொண்டபின் வாய் நிற்கவில்லை. “படிவத்துல போட்டது எதுவுமே தெரியாது.”

“எனக்கும் தெரியாதுங்க” என்றாள் வேகக்கா.  “அண்ணனைப் பார்த்துப் போட்டேன்.”

“நான் அந்தக்காவைப் பார்த்து...” என்றார் பின்னால் ஒருவர். அப்புறம் வரிசையாக வந்தது. சிலர் தலையைக் குனிந்து சொன்னார்கள், சிலர் சுமை இறக்கியதுபோலச் சத்தமாகச் சொன்னார்கள். ஒருவர் உற்சாகத்தில் இரண்டு முறை சொன்னார்.

தலைமை அலுவலகப் பெண் மேனேஜரைப் பார்த்தார். “அப்ப யாருக்குத்தான் தெரியும்? உங்களுக்கு?”

மேனேஜர் ஸ்கிரீனைப் பார்த்தார். உதடு அசைந்தது. என்ன வரப்போகிறது என்று அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அதே முகத்தைத்தான் அவர் தினமும் கண்ணாடியில் பார்த்து ஷேவ் செய்கிறார். “சார், வேண்டாம்” என்றார் மெதுவாக.

“மெஷின் வித்தவங்களைக் கேட்கலாம் மேடம்” என்றார் மேனேஜர்.

போன் போட்டார்கள். மெஷின் விற்றவர்கள் மிக மரியாதையாகப் பதில் சொன்னார்கள்: உங்களிடமே ஒரு பெண் இருக்கிறாளே, மூன்று மாதம் இங்கே பழகியவள், அவளுக்கு இதெல்லாம் தெரியும். மேனேஜர் வாயிலைப் பார்த்து ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை, அழகாகத்தான் ஓடினார்.

டீச்சரம்மா தோளில் பையோடு வந்தாள். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். ஸ்கிரீனில் இருந்த இரண்டு வரியையும் படித்தாள்.

“இது எனக்குத் தெரியாது” என்றாள் சாதாரணமாக. “இருங்க, புத்தகத்தைப் பார்க்கறேன்.”

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேருக்கு நடுவில், மணி என்ன என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள். வெட்கமே இல்லை. சொல்லிவிட்டுத் தடித்த புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் ஒன்றைத் திருகிப் பார்த்தாள், சரிவரவில்லை. மறுபடி பக்கம் புரட்டினாள். கால் மணி நேரத்தில் காரணம் பிடிபட்டது: காகிதச் சுருளை மாட்டியவர் அதன் பூட்டைப் போடவில்லை, சுருள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. மாட்டியவர் யார் என்று அவள் கேட்கவில்லை. அண்ணன் கூரையைப் பார்த்தார்.

மெஷின் மறுபடி ஓடியது. தலைமை அலுவலகப் பெண் மேனேஜரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுல பிங்கோ முறையில எங்க ஆளுங்க கெட்டிக்காரங்கன்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன?” என்றார். டீச்சரம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

போகும்முன் முடிவு சொன்னார்கள். திங்கட்கிழமை முதல் நாற்பத்திரண்டு பேருக்கும் ஆறு வாரப் பயிற்சி. டீச்சரம்மா இருக்கலாம், பயிற்சி முடியும்வரை. அதன்பின் ஒரு தேர்வு வைத்துப் பதினாறு பேரை எடுப்பார்கள். மீதிப் பேரைப் பற்றி யாரோ கேட்டபோது, பார்க்கலாம் என்றார்கள்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனபோது மனைவி அப்போதுதான் கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க ஆச்சு? ஓடுச்சா?”

“சொல்லிட்டேன்” என்றார் அவர். “தெரியாதுன்னு.”

துண்டு அவள் கையில் அப்படியே நின்றது. “யார்கிட்ட?”

“எல்லார்கிட்டயும். சத்தமா.”

அவள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னார். வேகக்காவின் கையைச் சொல்லும்போது தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார். அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து மாதாமாதம் கேட்டு, மாதாமாதம் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்ற பதிலை வாங்கி, அதை நம்புவதுபோல நடித்து வந்த கேள்வியையே அன்றைய நிலவரத்துக்கு ஏற்பக் கேட்டாள்.

“ஆறு வாரம் கழிச்சு உங்களுக்கு வேலை இருக்குமா?”

அண்ணன் அவளைப் பார்த்தார்.

“தெரியாது.”

அவள் காத்திருந்தாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இத்தனை வருஷமா நான் மட்டும் தனியா பயந்துக்கிட்டு இருந்தேன்.”

 பிறகு அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். அவர் டீச்சரம்மாவிடம் கேட்டு வாங்கி வந்த மெஷின் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்து, முதல் வரியிலேயே ஒரு வார்த்தையில் விரலை வைத்து, “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று அவளைக் கேட்டார்.